தொழிற்சாலை மூடிய பின்: அரிய வேக வண்டிகளை மாற்றலாமா, அப்படியே காக்கலாமா?

அரிய வேக வண்டி ஒன்று கைக்கு வந்துவிட்டால் அடுத்த நாளே ஒரு வழக்கு தொடங்கிவிடும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வைத்திருப்பதா, நம் காலத்துக்கும் கைக்கும் தோதாக மாற்றிக்கொள்வதா? காரோ பைக்கோ, இந்த வழக்கில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சிக்கு நட்டு மாறினாலும் வண்டி கெட்டது. மறு கட்சிக்கு, ஓட்டிச் சுகம் காணாத வண்டி இருந்தும் இல்லாததுதான். இரு தரப்பும் தங்கள் ரசனையையே விதியாகச் சொல்வதால் பேச்சு முடிவதே இல்லை.

ரசனையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்த வண்டியில் இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கின்றன? செய்யப்போகும் மாற்றத்தைத் திருப்ப முடியுமா? வண்டியைச் செய்தவர்கள் இன்று இருக்கிறார்களா? இவற்றில் மூன்றாவதை நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. இந்தியாவின் அரிய வண்டிகள் பலவற்றுக்கு விடை அந்த மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது.

மைசூரில் பிறந்தவை

மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம், பாண்டவபுரம், ஜக்கனஹள்ளி வழியாக மேல்கோட்டைக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ராமானுஜர் தங்கிய திருநாராயணபுரம் என்று வைணவர்களுக்கும், வைரமுடி சேவை என்று ஊர் உலகத்துக்கும் தெரிந்த மலை. பழைய பைக் வைத்திருப்பவர்களுக்கு அது சமவெளியில் ஓடி, கடைசியில் ஏறி இறங்கி, வண்டியின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ளும் சாலை. அந்தச் சாலைக்கு மிகப் பொருத்தமான வண்டிகள் பக்கத்திலேயே பிறந்தவை.

1961-ல் மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை தொடங்கியது. ருஸ்தம் இரானியும் ஃபரோக் இரானியும் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்திடம் உரிமம் பெற்று நிறுவியது. தொடங்கிவைத்தவர் அப்போது மைசூர் மாநில ஆளுநராக இருந்த ஜயசாமராஜ உடையார். முதலில் ஜாவா 250 வந்தது. 1973-க்குப் பிறகு அதே வழிவந்த வண்டிகள் எஸ்டி என்ற பெயரில் வந்தன. 1978-ல் வந்த ரோட்கிங், 248.5 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜினும் இரட்டை சைலன்சரும் கொண்டது. கியர் லிவரையே மடக்கித் திருப்பினால் கிக்கர். கியர் மாற்றும்போது அந்த லிவரே கிளட்சையும் விடுவிக்கும். 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது.

கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் 2018-ல் ஜாவா பெயரையும் 2022-ல் எஸ்டி பெயரையும் திரும்பச் சந்தைக்குக் கொண்டுவந்தது. புதியவை திரவக் குளிர்விப்பு கொண்ட ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள். யாதவகிரி வண்டியின் பிஸ்டனோ கிராங்கோ அவற்றில் இல்லை. பெயர் திரும்பி வந்ததே தவிர, பழைய வண்டிக்குப் பாகம் வார்த்துக் கொடுக்கும் தொழிற்சாலை திரும்பவில்லை.

மாற்றச் சொல்வோரின் நியாயம்

மாற்றச் சொல்வோரின் முதல் வாதம் உயிர். இதற்கு ராஜ்தூத் 350-ஐவிடக் கூர்மையான சாட்சி கிடையாது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் ஆர்.டி. 350-ஐ அந்தப் பெயரில் 1983-ல் இங்கே கொண்டுவந்தது. ஜப்பானிய மூலம் சுமார் 39 குதிரைத்திறன் கொண்டது. இந்தியாவுக்கு வந்த முதல் வகை 30.5, மைலேஜுக்காகப் பின்னர் இறக்கிய வகை 27. ஜப்பானிய வண்டியில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே டிரம் பிரேக்கே போட்டார்கள். நூறு சிசி வண்டிகள் பெருகத் தொடங்கிய சாலையில் இந்த வேகமும் இந்த பிரேக்கும் சேர்ந்ததால், ஆர்.டி. என்பதை ‘ரேபிட் டெத்’ என்று விரித்துச் சொல்லும் வழக்கமே வந்தது. அப்படிப்பட்ட வண்டிக்கு டிஸ்க் பிரேக் பொருத்துகிறவரைப் பார்த்து ‘ஒரிஜினலைக் கெடுத்துவிட்டாய்’ என்று சொல்ல நா எழாது.

இரண்டாவது வாதம் பெட்ரோல். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நாட்டிலிருந்து போய்விட்டது. இப்போது பங்க்குகளில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ-20. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் வாஷர்களையும் அரிக்கும். இரும்பு டேங்கில் துரு ஏற்றும். 1975-ஆம் வருட ரப்பரோடு 2025-ஆம் வருட பெட்ரோலில் வண்டி ஓட்டுவேன் என்பது கொள்கைப் பிடிப்பு ஆகாது, தீ விபத்துக்கு அழைப்பு. ஆக முழுக்க முழுக்க ஸ்டாக், அதாவது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி, ஓடுகிற நிலையில், இன்று சாத்தியமே இல்லை.

மூன்றாவது மின்சாரம். பழைய ஜாவாவின் ஆறு வோல்ட் விளக்கில் இரவில் பள்ளம் தெரிவதற்குள் சக்கரம் அதில் இறங்கிவிடும். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றுவதும், பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பதும் மெக்கானிக்குகள் வழக்கமாகச் செய்யும் வேலை. ரோட்கிங்கின் பிற்காலப் பதிப்பு ஒன்றில் தொழிற்சாலையே சி.டி.ஐ. என்ற எலக்ட்ரானிக் இக்னிஷனைக் கொடுத்தது.

நான்காவது ஆசை. ஒரு வண்டியைக் கழற்றி, யோசித்து, தன் கையால் இன்னொன்றாக ஆக்கும் சுகத்தைக் குறைத்துப் பேசத் தேவையில்லை. கோயம்புத்தூரின் லேத் பட்டறைகளும் சென்னைப் புதுப்பேட்டையின் கடைவரிசையும் இந்தச் சுகத்தால் பிழைத்தவை. மோட்டார் பந்தயம் என்ற விளையாட்டே இதிலிருந்துதான் வளர்ந்தது.

மாற்றினால் போவது என்ன?

வேகத்துக்காகச் செய்யும் மாற்றங்கள் எல்லாம் வேகத்தைக் கூட்டுவதில்லை. டூ-ஸ்ட்ரோக்கில் இது தெளிவாகத் தெரியும். ஸ்டாக் சைலன்சரைக் கழற்றி, பந்தய வண்டிக்குப் போடும் வயிறு பெருத்த எக்ஸ்பான்ஷன் சேம்பரை மாட்டினால், சக்தி மேல்சுற்றுக்குப் போய்விடும். கீழ்ச்சுற்றில் இழுவை குறையும். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மேல்கோட்டை ஏற்றத்தில் போகிறவருக்குத் தேவை அந்தக் கீழ்ச்சுற்று இழுவைதான்.

இறக்கத்தில் ஆபத்து இன்னும் நுட்பமானது. ஜாவா, எஸ்டி வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே இன்ஜினுக்குள் போகிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு கியரில் இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுற்றும், பெட்ரோல் போகாது, அதனால் ஆயிலும் போகாது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பழகியவர்கள் இடையிடையே ஆக்சிலேட்டரைத் திருகிவிடுவார்கள். ஏற்கெனவே போர்ட்டிங் செய்து, கம்ப்ரஷன் ஏற்றி, சூடு கூடிய இன்ஜினில் இந்தத் தவறுக்கு மன்னிப்பு குறைவு. தொழிற்சாலைப் பொறியாளர் விட்டுவைத்த இடைவெளிகளுக்குக் காரணம் இருந்தது.

போர்ட்டிங் என்பது சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளை அரத்தால் தேய்த்துப் பெரிதாக்குவது. தேய்த்த இரும்பு திரும்பி வராது. ரீபோர் செய்வதும் அப்படியே. ஒவ்வொரு முறையும் துளை சற்றுப் பெரிதாகும், சில முறைக்குப் பிறகு அந்த சிலிண்டரின் ஆயுள் முடியும். சேஸிஸை அறுப்பது, பின்பக்கச் சட்டத்தை வெட்டி கஃபே ரேசராக்குவது, இன்ஜின் எண்ணைத் தேய்ப்பது எல்லாம் இதே ஜாதி. ஒரு மாலை நேரத்து வெல்டிங் வேலை ஐம்பது வருஷத்தை அழித்துவிடும்.

மறுபக்கத் தவறும் ஒன்று உண்டு; அதை யாரும் தவறாக எண்ணுவதில்லை. அதிகப்படியான புதுப்பிப்பு. ஜாவாவின் மெரூன் டேங்கையும் குரோம் பக்கங்களையும் சுரண்டியெடுத்து, தொழிற்சாலை ஒருபோதும் கொடுக்காத பளபளப்பில் இன்றைய பெயிண்ட் அடிப்பது. பார்வைக்கு ஸ்டாக், ஆனால் முதல் பெயிண்ட், முதல் தங்கக் கோடு, முதல் குரோம் எதுவும் மிச்சமில்லை. உலக ரசனை இந்த விஷயத்தில் மாறிவிட்டது. கலிபோர்னியாவின் பெபிள் பீச் கண்காட்சியில் 2024-ல் முதல் பரிசு 1934-ஆம் வருடத்து புகாட்டி டைப் 59-க்குப் போனது. புதுப்பிக்காமல் காக்கப்பட்ட வண்டி ஒன்று அந்தப் பரிசை வென்றது அதுவே முதல் முறை.

சந்தையும் பெரும்பாலும் ஸ்டாக் பக்கமே. 2003 வரை விற்ற முதல் தலைமுறை ஹோண்டா சிட்டியின் 1.5 விடெக் 106 குதிரைத்திறன் கொண்டது. அதன் புகழே அதற்குச் சத்துருவானது. இழுத்து மாற்றாத விடெக் கிடைப்பது இன்று அபூர்வம். கிடைத்தால் விலை பேசுகிறவர் முதலில் கேட்பது ‘எல்லாம் கம்பெனி பார்ட்தானே?’ என்றுதான். 2020-ல் இருநூறே வண்டிகள் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245-க்கும் அதே கேள்விதான் வரும்.

இதற்கு விலக்கும் உண்டு. ‘ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ படத்தில் பால் வாக்கர் ஓட்டிய 1994 டொயோட்டா சுப்ரா, தலைமுதல் வால்வரை மாற்றப்பட்டது, 2021 ஏலத்தில் ஐந்தரை லட்சம் டாலருக்குப் போனது. அதைத் திரும்ப ஸ்டாக் ஆக்கினால் யாரும் அந்த விலை தரமாட்டார்கள். அந்த மாற்றங்களுக்கு ஒரு வரலாறு இருந்தது, விலை அதற்குத்தான்.

சட்டம் எந்தப் பக்கம்?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் இதைத் தளர்த்திப் பொருள்கொண்டபோது, 2019 ஜனவரியில் கே. ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, தயாரிப்பாளர் குறிப்பே அளவுகோல் என்று உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை மாற்றிப் பொருத்தலாம். அதற்கும் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஆர்.சி. புத்தகத்திலிருந்து வேறுபட்ட வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கவும் வாய்ப்புண்டு.

இன்னொரு விதி மாற்றுகிறவர்களின் கண்ணில் படுவதில்லை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த விண்டேஜ் பதிவு. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய இரு, நான்கு சக்கர வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனி எண்; புதிய பதிவுக்கு இருபதாயிரம் ரூபாய், பத்து ஆண்டுச் செல்லுபடி. முக்கியமான நிபந்தனை, சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத மூல வடிவமாக இருக்க வேண்டும். அறுபதுகளின் ஜாவாக்கள் வயதுக் கணக்கில் இதற்குத் தகுதி பெற்றுவிட்டன. முதல் ரோட்கிங்குகளுக்கு 2028, முதல் ராஜ்தூத் 350-களுக்கு 2033. இன்று சேஸிஸை அறுப்பவர் நாளைய அந்தத் தகுதியையும் சேர்த்தே அறுக்கிறார்.

அந்தக் காலத்து மாற்றம்

எல்லா மாற்றத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய சோழவரம் பந்தயங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களும் ஃபியட்டுகளும் ஓடின. இறக்குமதி செய்ய வழியில்லாத காலம். கிடைத்த குடும்பக் காரின் இருக்கைகளைக் கழற்றி, கார்புரேட்டரை மாற்றி, எடையைக் குறைத்துப் பந்தய வண்டி செய்தார்கள். கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் மாருதி 800 இன்ஜினைக் கொண்டு ஃபார்முலா மாருதி ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 1995-ல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரில்தான் செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் இருக்கிறது.

சோழவரத்தில் ஓடிய ஹெரால்டு ஒன்று இன்று கிடைத்தால் அதை ஷோரூம் ஹெரால்டாகத் திரும்ப ஆக்குவது பெருந்தவறு. அந்தக் கார்புரேட்டரும் ஓட்டை போட்ட கதவும்தான் அதன் சரித்திரம். பழைய வாகனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா 2012-ல் ஏற்ற டூரின் சாசனமும் இதையே சொல்கிறது. வண்டி புழக்கத்தில் இருந்த காலத்தில் நடந்த மாற்றங்கள் அதன் வரலாற்றின் பகுதி. பின்னால் செய்பவை அடக்கமாக, திருப்பக்கூடியதாக இருக்க வேண்டும். கழற்றிய மூலப் பாகங்களை வண்டியோடு சேர்த்து வைக்க வேண்டும். கட்டடப் பாதுகாப்புக்கான 1964 வெனிஸ் சாசனத்தின் அடியொற்றி எழுந்தது இது.

இந்த அளவுகோலைப் பட்டறைப் பாஷையில் சொன்னால் மூன்று வரிசை. ஓட்டுகிறவரின் உயிர் காக்கும் தேய்பொருள்கள், டயர், பிரேக் லைனிங், ஒயரிங், பெட்ரோல் குழாய், தாராளமாக மாறலாம். போல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடியவை, டிஸ்க் பிரேக்கோடு முழு முன் ஃபோர்க், பன்னிரண்டு வோல்ட் செட், சைலன்சர், சட்டம் இடம்கொடுத்தால் மாற்றலாம். கழற்றியதை எண்ணெய் தடவிப் பெட்டியில் வைக்க வேண்டும், என்ன செய்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். அறுப்பது, தேய்ப்பது, வெல்டிங் வைப்பது மூன்றாம் வரிசை. அரிய வண்டியில் அதற்கு இடமில்லை.

தொழிற்சாலை இருப்பதும் இல்லாததும்

‘அப்படியானால் கலிபோர்னியாவின் சிங்கர் நிறுவனம் போர்ஷே 911-ஐ அடியோடு மாற்றுகிறதே, உலகமே கொண்டாடுகிறதே?’ என்று கேட்கலாம். சிங்கர் எடுத்துக்கொள்வது 964 வகை. அது அறுபதாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டது. போர்ஷே நிறுவனம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பழைய வண்டிகளுக்குப் பாகம் தரும் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது. ஒரு 964 மாறினால் 964 எப்படி இருந்தது என்ற அறிவு அழிவதில்லை.

மைசூரில் நிலைமை வேறு. ரோட்கிங்கின் சிலிண்டர் போர்ட் எந்த உயரத்தில் இருந்தது, டேங்கின் கோடு எத்தனை அகலம், எந்த வருஷத்தில் எந்த போல்ட் மாறியது என்று கேட்டால் பதில் சொல்லும் தொழிற்சாலை இல்லை. மாற்றாத வண்டியை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். மேல்கோட்டையின் சம்ஸ்கிருத ஆய்வு நிறுவனத்தில் ஓலைச்சுவடிகளைக் காக்கிறார்கள். ஆசிரியர் கையெழுத்து அழிந்துபோன நூலுக்குப் பிரதிகள்தான் சாட்சி; பிரதி எடுத்தவர் தன் புத்திக்கு ஏற்றபடி ‘திருத்தி’ எழுதிய ஏட்டைவிட, பிழையோடு அப்படியே எழுதிய ஏடு பதிப்பாசிரியருக்கு உதவும். தொழிற்சாலை மூடிய வண்டியின் நிலையும் இதுதான்.

பிழையும் காக்கத் தகுந்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-ல் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.-1 காருடையது. அங்கே அதில் மூன்றரை லிட்டர் வி-8 இன்ஜினும் வந்தது. இங்கே உள்ளே வைத்தது பழைய வேன்கார்டு வழிவந்த இரண்டு லிட்டர் இன்ஜின். தோற்றத்தில் புலி, ஓட்டத்தில் எருமை. கார் மூன்றே ஆண்டில் நின்றது, நிறுவனமும் மூடியது. இன்று அப்படி ஒரு கார் கிடைத்தவருக்கு அதில் ஒரு நல்ல வி-8 வைக்கும் ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்த மந்தமான இன்ஜின்தான் ‘லைசென்ஸ் ராஜ்’ எனப்பட்ட உரிம ராஜ்ஜியத்தின் நேரடிச் சாட்சி. வெளிநாட்டு உடம்பை வாங்க முடிந்த நிறுவனம் வெளிநாட்டு இன்ஜினை ஏன் வாங்க முடியாமல் போனது என்று கேட்க வைப்பது அந்தக் குறைதான். வி-8 வைத்தால் கார் ஓடும், கேள்வி போய்விடும். ராஜ்தூத் 350-இன் டிரம் பிரேக்கும் அதே கதையைச் சொல்கிறது. உயிர் காக்க அதை மாற்றுகிறவர் டிரம்மைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் போதும்.

மைசூர் சாலையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தருகே தர்மஸ்தலத்து வீரேந்திர ஹெக்கடே சேகரித்த பழைய வாகனங்களுக்கு ‘பயணா’ அருங்காட்சியகம் வந்திருக்கிறது. கோவையில் ஜீடி கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அருங்காட்சியகம் இருந்தால் போதும், மற்றவற்றை இஷ்டம்போல் மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரே ஒரு மாதிரி போதாது. தொழிற்சாலைகள் ஆண்டுக்கு ஆண்டு, சில சமயம் மாதத்துக்கு மாதம், சப்ளையர் மாறினால் பாகத்தை மாற்றியவை. அந்த வேறுபாடுகளைக் காட்ட, வெவ்வேறு வருடத்து வண்டிகள் பல கைகளில் கெடாமல் இருக்க வேண்டும். ஓடவும் வேண்டும், நின்ற டூ-ஸ்ட்ரோக்கின் ஆயில் சீல் காயும், கிராங்க் துருப்பிடிக்கும்.

முடிவாக

உயிரோடு இருக்கும் நிறுவனத்தின், ஆயிரக்கணக்கில் மிஞ்சிய வண்டியை, சட்டம் விட்ட எல்லைக்குள் உரிமையாளர் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். பந்தயத்திலோ படத்திலோ பெயர் வாங்கிய மாற்றத்தை மாற்றமாகவே காக்க வேண்டும். மூடிய தொழிற்சாலையின் வண்டி, எண்ணிக்கையில் குறைந்தது, இதுவரை கை படாதது என்றால், அதை மாற்றாமல் ஓட்டுவதுதான் சரி. பிரேக், டயர், குழாய், விளக்கு ஆகியவை மட்டும் விதிவிலக்கு, அவையும் பெட்டியும் குறிப்பேடும் கூட வந்தால். கைவண்ணம் காட்ட ஆசைப்படுகிறவருக்கு வழியில்லாமல் போகவில்லை. பாதி அழிந்த, எண்கள் பொருந்தாத, ஏற்கெனவே யாரோ அறுத்த எஸ்டிகள் பழைய இரும்புக் கடைகளில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து ஓடவைத்தால் ஒரு வண்டி கூடும். கெடாத ரோட்கிங்கை அறுத்தால் ஒரு வண்டி குறையும். வாங்கும்போதே கணக்கை இங்கிருந்து தொடங்குகிறவருக்கு மாற்றலாமா கூடாதா என்ற வழக்கு பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.